கச்சான் காற்றும் டூர் டி பிரான்ஸும்: சாயல்குடி முதல் அரிச்சல்முனை வரை

சனி, ஜூலை 12, 2025 – சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, ராமநாதபுரம்

"ராம்நாடு பக்கம் ஒரு மேடு உண்டா? அங்க போய் என்ன சைக்கிள் ரேஸு?" மதுரையில் சைக்கிள் ஓட்டுகிற நண்பர்களிடம் இந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது பாதிப் பேர் இப்படித்தான் கேட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல் ஏறினால்தான் சைக்கிள், மற்றதெல்லாம் கடைக்குப் போய் வருவது என்று ஒரு நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பிரான்ஸில் மூன்று வாரம் நடக்கிற சைக்கிள் ரேஸான டூர் டி பிரான்ஸ் ஓடுகிற ஜூலை மாதத்தில்தான் இந்தக் கடற்கரையில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிறது. பகலில் அந்தக் காற்றில் ஓட்டிவிட்டு, இரவில் அவர்கள் ஓட்டுவதை போனில் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அங்கே சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் முடிகிற ஸ்டேஜ், அதாவது அன்றைய ஒரு நாள் ஓட்டம், நமக்கு இரவு எட்டரை வாக்கில் முடியும், குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கடைசி ஒரு மணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கூட வருவது இரண்டு பேர். ஒருவன் என் மாமா மகன், போன வருஷம்தான் கல்லூரி முடித்தான், ரோட் பைக் வைத்திருக்கிறான். இன்னொருவர் ராமநாதபுரம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர், எங்களுக்கு பி.டி. சார். திங்களும் செவ்வாயும் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். நேற்று ராத்திரியே லோடு வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு சாயல்குடி வந்து படுத்துவிட்டோம், காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம்.

சாயல்குடியைத் தாண்டினால் பனை, பனை, அதைவிட்டால் சீமைக்கருவேலம். பதநீர் முடியப்போகிற சமயம், ஆனாலும் சாலையோரத்தில் ஒரு அம்மா பானையோடு உட்கார்ந்திருந்தார், பட்டையில் ஊற்றிக் கொடுத்தார். கிழக்குக் கடற்கரைச் சாலை இந்த இடத்தில் கிழக்கு, வடகிழக்காகப் போகிறது, கச்சான் நேராக முதுகில் அடிக்கிறது. பெரிதாக மிதிக்காமலே 34, 35 கி.மீ. வேகம் வந்தது, மாமா மகன் சந்தோஷத்தில் சத்தம் போட்டுக்கொண்டே போனான். சார் பின்னாலிருந்து, "தம்பி, அது உன் காலு இல்ல, காத்து. கணக்கை வெச்சுக்க, செவ்வாக்கிழமை திருப்பிக் கேக்கும்" என்றார்.

ஏர்வாடிக்குக் கொஞ்சம் முன்னால் சாருடைய பின் சக்கரம் உட்கார்ந்துவிட்டது. இந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த காரணம்தான், கருவேல முள். டயரைக் கழற்றி உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார், ஓர் இடத்தில் நின்றார். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, முள் ரப்பரோடு ரப்பராக ஒடிந்து நின்றுவிட்டது, நுனி மட்டும் உள்ளே ஒரு மில்லிமீட்டர் எட்டிப் பார்க்கிறது. அதை எடுக்காமல் புது ட்யூப் போட்டால் பத்து நிமிஷத்தில் அடுத்த பஞ்சர். நகவெட்டியால் பிடித்து இழுத்தார், வந்தது, வெயிலில் காட்டினார், அரை அங்குலம் இருக்கும்.

அவர் ஒட்டுப் போடுகிற நேரத்தில் யூஜென் கிறிஸ்டோஃப் கதையைச் சொன்னேன், டூர் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். 1913ல் பைரனீஸ் மலையில் தூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவருடைய சைக்கிளில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க் உடைந்துவிட்டது. யாரிடமும் உதவி வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்து ஊர் வரை நடந்தே போய், ஒரு கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்து போர்க்கைச் சரிசெய்தார், அதற்கே மணிக்கணக்கில் ஆனது. துருத்தி ஊத ஒரு பையன் உதவினான் என்று அதற்கும் சேர்த்து நேர தண்டனை போட்டார்கள். இடையில் உலகப்போர் வந்து டூர் நின்றுபோய், 1919ல் மறுபடி தொடங்கியபோது மொத்த நேரத்தில் முன்னிலையில் இருப்பவர் அணிகிற மஞ்சள் ஜெர்சியை முதன்முதலில் போட்டவர் அதே கிறிஸ்டோஃப்தான். அந்த வருஷமும் முன்னிலையில் இருக்கும்போது போர்க் உடைந்தது, டூரை அவர் ஜெயிக்கவே இல்லை. சார் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை, காற்றடித்து முடித்ததும், "இந்தக் கதையை நான் பிள்ளைங்களுக்குச் சொல்லணும்" என்றார்.

கீழக்கரையில் தொதல் வாங்கித் தின்றோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்த அந்தக் கறுப்புத் துண்டு ஒன்று போதும், சைக்கிள்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற எனர்ஜி ஜெல் எல்லாம் அதற்கு அப்புறம்தான். திருப்புல்லாணி வழியாக ராமநாதபுரம் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று.

இரவு எட்டாவது ஸ்டேஜ் பார்த்தோம், லவால் என்கிற ஊரில் முடிந்தது. சமதரை, பெரிதாகச் சம்பவம் இல்லை, கடைசி ஓட்டத்தில் இத்தாலியின் ஜோனதன் மிலான் ஜெயித்தார். 2019ல் நிபாலிக்குப் பிறகு ஒரு இத்தாலியர் ஸ்டேஜ் ஜெயிப்பது இதுதான் முதல் தடவை. மஞ்சள் ஜெர்சி ஸ்லோவேனியாவின் பொகாச்சரிடமே இருக்கிறது.

ஞாயிறு, ஜூலை 13 – உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம்

இன்றைக்குத் தூரம் குறைவு, ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். உச்சிப்புளி வரை இரண்டு பக்கமும் மரம், தென்னந்தோப்பு, காற்று அவ்வளவாகத் தெரியவில்லை. மண்டபம் முகாம் தாண்டியதும் நிலம் ஒடுங்குகிறது, மரங்கள் விலகுகின்றன, வலதுபக்கம் மன்னார் வளைகுடா தெரிய ஆரம்பிக்கிறது, அங்கிருந்துதான் இன்றைய கதை. முதுகில் அடித்துக்கொண்டிருந்த காற்று வலது தோளுக்கு வந்துவிட்டது.

பாம்பன் சாலைப் பாலம் 1988ல் திறந்தது, நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கீழே படகுகள் போவதற்காக நடுவில் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள், நான் ஓட்டிய வழியில் மேடு என்று சொல்ல அது ஒன்றுதான். ஏறுவது கஷ்டமில்லை. உச்சிக்கு வந்ததும் யாரோ தோளில் கைவைத்துத் தள்ளுவது போல காற்று தள்ளுகிறது, அதுவும் ஒரே சீராக இல்லை, ஒரு பேருந்து கடந்து போகும்போது இரண்டு விநாடி காற்றே இல்லாமல் ஆகி, பேருந்து விலகியதும் மொத்தமாக வந்து அடிக்கிறது. வலதுபக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த இரண்டு விநாடியில் பேருந்து பக்கமே சைக்கிள் போகும். கையைத் தளர்வாக வைத்து, உடம்பைத் தாழ்த்தி, சின்ன கியரில் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வண்டியைப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்திவிட்டு செல்ஃபி எடுக்கிறவர்களைப் பற்றி என்ன சொல்ல, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், சைக்கிளுக்கு அங்கே ஒதுங்க இடமே கிடையாது.

பக்கத்தில் 1914ன் பழைய ரயில் பாலமும், இந்த ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் நிற்கின்றன. பழைய பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலை விட மாட்டார்கள். ரயிலையே நிறுத்துகிற காற்றுள்ள ஊரில் மேடு இல்லை என்று குறைப்படுவது நியாயமா?

பாலம் இறங்கியதும் பாம்பனில் வல்லங்கள் கட்டிக்கிடந்த இடத்தில் டீ குடிக்க நின்றோம். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சாரிடம், "இந்தக் காத்துல எதுக்கு சைக்கிள்ல வந்தீக?" என்று கேட்டார். காற்றுக்காகத்தான் வந்தோம் என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இப்ப கச்சான். தென்கடல் பூரா கொந்தளிச்சுக் கெடக்கும், வடகடல் பாருங்க, கொளம் கணக்கா கெடக்கு. வாடை திரும்புச்சுன்னா அப்படியே மாறும், அது பொங்கும், இது படுக்கும்." ரோட்டின் இந்தப் பக்கம் அலை, அந்தப் பக்கம் தண்ணீர் அசையவே இல்லை, அவர் சொன்னதை அங்கேயே பார்த்தோம்.

பாலம் என்றதும் டென்மார்க் ஞாபகம். 2022 டூர் அங்கேதான் தொடங்கியது. இரண்டாவது ஸ்டேஜில் ஸ்டோரபெல்ட் என்கிற 18 கி.மீ. கடல் பாலத்தைக் கடந்தார்கள். பக்கக்காற்று அடித்தால் கூட்டம் சிதறிப்போகும், டூர் இரண்டாம் நாளே முடிந்துவிடும் என்று அதற்கு முன் மாதக்கணக்கில் பேசினார்கள். கடைசியில் அன்றைக்கு எதிர்க்காற்று, ஒன்றும் நடக்கவில்லை, கூட்டமாகவே போய்ச் சேர்ந்து ஸ்பிரிண்டில் ஃபாபியோ யாகோப்சன் ஜெயித்தார். எதிர்க்காற்று யாரையும் பிரிக்காது, ஏனென்றால் முன்னால் போகிறவனைத் தவிர எல்லாருக்கும் மறைவு கிடைக்கும். பிரிப்பது பக்கக்காற்றுதான். அதற்கு நாளை தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை.

இரவு ராமேஸ்வரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம், ஒன்பதாவது ஸ்டேஜ், ஷினோனிலிருந்து ஷாத்தோரூ வரை 174 கி.மீ. மேடே இல்லாத ஸ்டேஜ், மேடு கேட்கிற நண்பர்கள் இதைப் பார்த்திருக்க வேண்டும். மாத்யூ வான் டெர் பூலும் அவருடைய அணியின் யோனாஸ் ரிக்கார்ட்டும் கொடி இறக்கியவுடன் தாக்கிவிட்டு இரண்டே பேராகக் கிளம்பிவிட்டார்கள். பின்னால் மொத்தக் கூட்டமும் துரத்துகிறது. ஆட்டோ ஓட்டுகிற இரண்டு பேர் வந்து பெஞ்சில் சேர்ந்துகொண்டார்கள், "யாரு முன்னாடி போறது? எவ்வளவு தூரம் இருக்கு?" என்று தொடங்கி, பத்து நிமிஷத்தில் அவர்கள் முழுக்க அந்த இருவர் பக்கம். கடைசி ஆறேழு கிலோமீட்டரில் ரிக்கார்ட்டுக்குக் கால் முடிந்துபோனது, வான் டெர் பூல் தனியாகப் போனார். இறுதிக்கோட்டுக்கு 700 மீட்டர் இருக்கும்போது கூட்டம் விழுங்கிவிட்டது. டிம் மெர்லியே ஜெயித்தார். டீக்கடையில் ஒரு பெரிய "அய்யோ". ஒருவர், "அவ்வளவு தூரம் தனியா வந்தவனை இத்தனை பேரு சேர்ந்து புடிக்கிறது என்னண்ணே நியாயம்?" என்று என்னிடமே கேட்டார்.

அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். சமதரையில் வேகமாகப் போகும்போது மிதிக்கிற பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்க வேண்டும் என்றால் காற்றுக்கு மட்டும் எட்டு மடங்கு பலம் வேண்டும். ஒருவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் அந்தச் செலவு குறையும், கூட்டத்தின் நடுவே போனால் ரொம்பவே குறையும். 2018ல் பெர்ட் பிளாக்கன் என்ற பேராசிரியரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தது, நடுவில், பின்பகுதியில் இருக்கிறவருக்குக் காற்றின் தடை தனியாகப் போகிறவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று வந்தது. அப்படியென்றால் இரண்டே பேராகக் கிளம்பி 173 கி.மீ. வரை முன்னால் நின்றதுதான் அதிசயம். இன்றைய சராசரி வேகம் மணிக்கு 50 கி.மீ., டூர் வரலாற்றில் கூட்டமாக ஓடுகிற ஸ்டேஜ்களில் இரண்டாவது வேகமானது, அந்த வேகத்துக்குக் காரணமே அந்த இருவர்தான். நாளின் போராளி விருதை ரிக்கார்ட்டுக்குக் கொடுத்தார்கள், டூர் மேடையில் ஏற வேண்டும் என்பது அவருடைய கனவாம். ஆட்டோக்காரர், "அது போதும்" என்றார். டீக்காசு வாங்க மறுத்துவிட்டார் கடைக்காரர்.

திங்கள், ஜூலை 14 – ராமேஸ்வரம், முகுந்தராயர் சத்திரம், அரிச்சல்முனை

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும், கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கோதண்டராமர் கோயில் விலக்கு வரை புதர்களின் மறைவு இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் அதுவும் போய்விடுகிறது. 2017ல் திறந்த அந்த ஒன்பதரை கிலோமீட்டர் சாலை தென்கிழக்கே நேராக ஓடுகிறது, இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் கடல். காற்று தென்மேற்கிலிருந்து. சாலைக்குச் சரியாகக் குறுக்கே. ஒரு மரம், ஒரு சுவர், ஒரு வளைவு எதுவும் கிடையாது. சைக்கிள் ரேஸில் பக்கக்காற்றைப் பற்றிப் படித்ததெல்லாம் இந்தச் சாலையில் கண்முன்னே வந்து நிற்கிறது.

முதலில் ஆளுக்கொரு பக்கமாகத் தனியாக ஓட்டிப் பார்த்தோம். இதயம் 165ல் அடிக்கிறது, வேகம் 24. ஒருவர் பின்னால் ஒருவராக நேர்கோட்டில் போனோம், பயனே இல்லை, ஏனென்றால் காற்று பக்கத்திலிருந்து வருகிறது, முன்னால் இருப்பவரின் மறைவு அவருக்கு நேர்பின்னால் விழுவதில்லை, இடதுபக்கம் சாய்ந்து விழுகிறது. அப்புறம் சார் சொன்னபடி சாய்வாக நின்றோம். முன்னால் போகிறவர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டி, காற்று வரும் பக்கம். இரண்டாமவர் அவருக்கு அரைச் சக்கரம் பின்னால், இடதுபக்கம் தள்ளி. மூன்றாமவர் அவருக்கும் இடதுபக்கம், சாலை ஓரத்தில். ஒரு நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னவர் விலகிப் பின்னால் வர, அடுத்தவர் முன்னேற. ஐரோப்பாவில் எஷலான் என்கிறார்கள். மூன்றாவது சுற்றில் எல்லாம் பொருந்தி வந்தது. இரண்டாம் இடத்தில் இருக்கும்போது காதில் இரைச்சல் நின்றுவிடுகிறது, சங்கிலியின் சத்தம் கேட்கிறது. வேகம் 29, இதயம் 150. மாமா மகன் கத்தினான், "மச்சான், இது என்ன மாயம்!"

இதில் ஒரு குரூரமான கணக்கு இருக்கிறது. சாலையின் அகலத்துக்கு எத்தனை பேர் சாய்வாக நிற்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. அடுத்தவருக்கு இடமில்லை, அவர் சாலையின் விளிம்பில், முன்னவரின் சக்கரத்துக்கு நேர்பின்னால், முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டு தொங்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தாங்குவார், இரண்டு தாங்குவார், அப்புறம் இடைவெளி விழும். இடைவெளி ஐந்து மீட்டர் ஆனால் முடிந்தது, அவருக்குப் பின்னால் இருக்கிற நூறு பேரும் பிரிந்துபோவார்கள். பலசாலி அணிகள் வேண்டுமென்றே அந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவார்கள். இந்த வருஷ டூரின் முதல் நாளே லீலில் அப்படித்தான், காற்றில் கூட்டம் உடைந்து, பட்டத்துக்குப் போட்டியிட வந்த எவெனபூலும் ரோக்லிச்சும் 39 விநாடி இழந்தார்கள்.

அதைவிடப் பெரிய உதாரணம் 2015. நெதர்லாந்தில் ஜீலாந்து கடற்கரை, கடல் நடுவே கட்டிய அணைச் சாலைகள், காற்றும் மழையும். மலையில் பறக்கிற கொலம்பியாவின் கின்டானா பின்கூட்டத்தில் மாட்டிக்கொண்டார், பிரிட்டனின் ஃப்ரூமிடம் 1 நிமிஷம் 28 விநாடி போனது. அதற்குப் பிறகு மூன்று வாரம் பைரனீஸ், ஆல்ப்ஸ் எல்லாம் ஏறி இறங்கி, பாரிஸில் ஃப்ரூம் ஜெயித்தது வெறும் 1 நிமிஷம் 12 விநாடியில். மலைகளில் தோற்கவில்லை கின்டானா, ஒரு மீட்டர்கூட மேடு இல்லாத கடலோரச் சாலையில் இரண்டாம் நாளே அந்த நேரம் போய்விட்டது. மதுரை நண்பர்களே, இதைத்தான் நான் இவ்வளவு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அரிச்சல்முனையில் அசோகத் தூண் இருக்கிற வட்டத்தைச் சுற்றிவிட்டு இறங்கினோம். கண்ணாடியில் உப்பு ஒரு படலமாகப் படிந்திருக்கிறது, சட்டைத் துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டு இன்னும் மோசமாகிறது, குடிதண்ணீரை ஊற்றித்தான் கழுவ வேண்டியிருந்தது. வலதுபுறம் தென்கடலான ஆண்கடல் அடித்துக்கொண்டிருக்க, இடதுபுறம் வடகடலான பெண்கடல் சத்தமில்லாமல் கிடக்கிறது.

திரும்பும் வழியில் தனுஷ்கோடி தேவாலயத்தின் இடிந்த சுவர் பக்கம் நின்றோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் அதிலிருந்தவர்களோடு போனது. அதுவரை இங்கே ரயில் நிலையம், தபால் நிலையம், தலைமன்னாருக்குக் கப்பல் எல்லாம் இருந்தன. இந்த இடத்தில் நின்று விளையாட்டைப் பற்றி நினைக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "ஆளுங்க வரணும், பார்க்கணும், என்ன நடந்துச்சுன்னு கேக்கணும். அதுல என்ன தப்பு?" என்றார். டூர் ஒளிபரப்பில் ஹெலிகாப்டர் ஒவ்வொரு ஊரின் கோட்டை, கோயில், பாழடைந்த மடம் எல்லாவற்றையும் காட்டும், ஐந்து நிமிஷம் அதன் வரலாற்றைச் சொல்வார்கள், பிரான்ஸின் மூலைமுடுக்குகள் எனக்குத் தெரிந்ததே அப்படித்தான். தனுஷ்கோடிக்கும் அந்த ஐந்து நிமிஷம் கிடைக்க வேண்டும்.

பிரான்ஸிலும் கடல் சூழ்ந்த ஒரு சாலை டூரில் வந்திருக்கிறது, நுவார்முத்தியே தீவுக்குப் போகிற பஸாஜ் து குவா. நாலரை கிலோமீட்டர் நீளம், தினமும் இருமுறை கடல் ஏறி மூழ்கடிக்கும், நீர் வற்றும்போது மட்டும் போகலாம். 1999ல் அந்த ஈரப் பாசியில் கூட்டம் வழுக்கி விழுந்தது. சுவிஸ் வீரர் அலெக்ஸ் ஸூல்லே அன்று ஆறு நிமிஷத்துக்கு மேல் இழந்தார், கடைசியில் இரண்டாம் இடம், வித்தியாசம் ஏழரை நிமிஷம். முதலிடம் பிடித்த ஆம்ஸ்ட்ராங்கின் பட்டம் பிற்பாடு ஊக்கமருந்துக்காகப் பறிக்கப்பட்டது, இன்றுவரை அந்த வருஷத்துக்கு வெற்றியாளரே கிடையாது. நம் சாலையில் பாசி இல்லை, மணல் இருக்கிறது. காற்று அள்ளிப் போட்ட மணல் சாலையின் ஓரத்தில் விரல்கடை உயரத்துக்குப் படிந்துகிடக்கிறது, மூன்றாம் இடத்தில் வந்த மாமா மகன் அதில் ஏறி சக்கரம் ஆடியபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

திரும்பும்போது சாய்ந்து ஓட்டவே முடியவில்லை. இப்போது காற்று இடதுபக்கம், முன்னவர் சாலையின் இடது ஓரம் நிற்க, மற்றவர்கள் வலதுபக்கம் எதிர்வண்டிகள் வரும் பாதைக்குள் விரிய வேண்டும். சுற்றுலா வேன்கள் வந்துகொண்டே இருக்கின்றன, செய்யக் கூடாது, செய்யவில்லை. தனித்தனியாகவே அனுபவித்தோம். சாலையை மூடி நடத்தினால்தான் இங்கே ரேஸ்.

இன்னொன்றும் இருக்கிறது. பூநாரைகள் வந்து தங்குகிற இந்தக் கரையை இந்த ஜூன் மாதம்தான் சரணாலயமாக அரசு அறிவித்தது, கடலாமைகள் முட்டையிடுகிற கரையும் இதுதான். நல்லவேளையாக இரண்டும் ஜூலையில் இருக்காது. டூரில் தண்ணீர் பாட்டிலைக் கண்ட இடத்தில் எறிந்தால் அபராதம், அதற்கென்று குறித்த இடத்தில்தான் போட வேண்டும். இங்கே நடத்தினால் அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும்.

ராத்திரி பத்தாவது ஸ்டேஜ், பிரான்ஸின் தேசிய தினம், மலைகள். சைமன் யேட்ஸ் ஜெயித்தார். அயர்லாந்தின் பென் ஹீலி 29 விநாடி வித்தியாசத்தில் பொகாச்சரிடமிருந்து மஞ்சள் ஜெர்சியை எடுத்துக்கொண்டார், 1987ல் ஸ்டீபன் ரோஷுக்குப் பிறகு அது ஒரு அயர்லாந்துக்காரருக்குக் கிடைப்பது இப்போதுதான். கண் சொருகிக்கொண்டே பார்த்தேன்.

செவ்வாய், ஜூலை 15 – ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன், ராமநாதபுரம்

பிரான்ஸில் இன்று ஓய்வு நாள், துலூஸில் எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு சார் சனிக்கிழமை சொன்ன கணக்கு வந்து சேர்ந்தது, இடது முன்பக்கத்திலிருந்து காற்று, வேகம் 18ஐத் தாண்டவில்லை.

பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைக் கடக்கும்போது சார் வேகத்தைக் குறைத்தார். பேப்பர் போட்டுப் படித்த பையனின் ஊர் இது. டூர் டி பிரான்ஸும் ஒரு பேப்பரிலிருந்து வந்ததுதான், 1903ல் லோட்டோ என்கிற விளையாட்டுப் பத்திரிகை விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கியது. 60 பேர் கிளம்பி 21 பேர் முடித்தார்கள். ஜெயித்த மோரிஸ் காரென் சின்ன வயதில் புகைபோக்கி துடைக்கிற வேலை பார்த்தவர். அந்தப் பத்திரிகையின் தாள் மஞ்சள் நிறம், ஜெர்சியும் அதனால்தான் மஞ்சள்.

தங்கச்சிமடம் தாண்டி எங்களுக்கு முன்னால் மூன்று பள்ளி மாணவிகள், பதினோராம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிளில். ஒரு பெண் இடது ஓரமாக முன்னால், அடுத்தவள் அவளுக்குச் சற்றுப் பின்னால் வலதுபக்கம், மூன்றாமவள் அவளுக்கும் வலதுபக்கம். பேசிக்கொண்டே போனார்கள். முன்னால் போனவள் ஏதோ சொல்லிவிட்டு மெதுவாக்கினாள், கடைசிக்கு வந்தாள், இரண்டாமவள் முன்னேறினாள். பின்னால் வேன் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஓரத்தில் ஒற்றை வரிசையானார்கள், வேன் போனதும் மறுபடி சாய்வுக்கு வந்தார்கள். நேற்று நாங்கள் அரைமணி நேரம் தடுமாறிப் பழகியதை இவர்கள் புத்தகப்பையோடு, செயின் கவர் போட்ட கனமான சைக்கிளில், ஒரு கியர்கூட இல்லாமல் செய்கிறார்கள். சார் பக்கத்தில் போய், "யாரும்மா உங்களுக்கு இப்படி ஓட்டச் சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டார். "யாரும் இல்ல சார், இப்படிப் போனாத்தான் காத்து அடிக்காது." முன்னால் போன பெண் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

அதற்கப்புறம் ராமநாதபுரம் வரும் வரை சார் பேசியது அதைப் பற்றித்தான். மாவட்டத்தில் கபடிக்கும் ஓட்டத்துக்கும் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிறோம், தினமும் இந்தக் காற்றில் பத்து கிலோமீட்டர் மிதிக்கிற பிள்ளைகளை யாருமே சைக்கிள் வீரர்களாகப் பார்த்ததில்லை என்றார். உண்மை. வெயில் அதிகம், நம் ஊருக்கு ஒத்துவராது என்பார்கள், மலேசியாவில் 1996லிருந்து டூர் டி லங்காவி நடத்துகிறார்கள், அங்கே மட்டும் என்ன பனியா பெய்கிறது? சாயல்குடியில் விடிகாலையில் கொடியசைத்து, கீழக்கரை, ராமநாதபுரம், பாம்பன் வழியாக அரிச்சல்முனையில் முடித்தால் சுமார் 140 கி.மீ. வரும். முதல் பாதி முதுகுக்காற்று, எல்லாரும் பறப்பார்கள், மண்டபத்துக்கு அப்புறம் ஒவ்வொரு அணியும் முன்னால் இடம்பிடிக்கச் சண்டை போடும், முகுந்தராயர் சத்திரத்தில் கூட்டம் உடையும். நம் நாட்டுக்கென்று ஒரு பெரிய பல நாள் ரேஸ் என்றைக்காவது நிலைத்து நடந்தால் அதில் ஒரு நாள் இந்த ஸ்டேஜ் இருக்க வேண்டும்.

அது நடக்கிறபோது நடக்கட்டும். இப்போதைக்கு சார் ஒரு வேலையைத் தொடங்குகிறார், சனிக்கிழமை காலைகளில் பள்ளிப் பிள்ளைகளை, அதே அரசு சைக்கிளில், வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு கிராமச் சாலையில் வரிசையாக ஓட்டப் பழக்குவது, மாதம் ஒருமுறை நேரம் குறித்து ஓட விடுவது. தலைமையாசிரியரிடம் பேசிவிட்டார், பெற்றோரிடம் பேசப் போகிறார். நான் நேரம் குறிக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், மாமா மகன் பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொடுக்கிறானாம். இல்லாதது ஹெல்மெட்தான். சின்ன அளவு, நடுத்தர அளவு, பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் கீழே விழுந்து அடிபட்டதாகவோ உள்ளே விரிசல் விட்டதாகவோ இருக்கக் கூடாது. மதுரையிலோ ராமநாதபுரத்திலோ உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.